ஓய்வின் கணக்கும் உயிரின் கணக்கும்

பள்ளிப் பாடங்களில் தொடங்கி உயிரியலையே தொழிலாகக் கொண்டோர் எழுதிய பெருநூல்கள் வரையில், குளிர் இரத்தப் பிராணிகளைப் பற்றி ஓர் அபிப்பிராயம் வேரூன்றி நிற்கிறது. பல்லி, பாம்பு, தவளை, மீன், பூச்சி ஆகிய இவையெல்லாம் ஜீவத்தீ மங்கிய பிராணிகள் என்றும், உண்ட உணவைப் பிராணவாயுவின் துணையால் எரித்துச் சக்தியாக்கும் வளர்சிதைமாற்றம் இவற்றில் இயல்பாகவே மந்தமானது என்றும், அதன் வேகத்தை உடலின் எடை தெரிந்த மாத்திரத்தில் ஒரே சூத்திரத்தால் கணித்துவிடலாம் என்றும், பிராணி ஓடுவதும் நீந்துவதும் பறப்பதும் அந்தக் கணக்கின்மேல் அவ்வப்போது ஏறி இறங்கும் சில்லறைச் செலவுகளே என்றும் அந்த அபிப்பிராயம் கூறுகிறது. இதன் முற்பாதியைப் பாமரர் சொல்லுகிறார்கள். பிற்பாதியைப் படித்தவர்கள் சொல்லுகிறார்கள். இரண்டும் ஒரே பிழையின் இரு கிளைகள் என்பது என் துணிபு. ஓய்வில் கிடக்கும் பிராணியை அளந்து பெற்ற எண்ணையே அப்பிராணியின் இயல்பு என்று கொண்டுவிட்டதுதான் அந்தப் பிழை. உடலின் அளவு வளர்சிதைமாற்றத்தை எவ்வாறு ஆளுகிறது என்பதையே பிராணியின் உழைப்பு மாற்றிவிடுகிறது. ஆகையால் உழைப்பை ஒதுக்கிவிட்டு அளவைப் பற்றிப் பேசுவது பொருந்தாது. இதை நிலைநாட்டவே எழுதுகிறேன்.

மறுக்கப் புகுமுன், எதிர்த்தரப்பில் உள்ள உண்மையை ஒப்புக்கொள்வது முறை. ஒரே எடையுள்ள ஒரு பல்லியினத்தையும் ஓர் எலியையும் எடுத்துக்கொண்டு, பல்லியின் உடலையும் எலியின் உடலைப்போல 37 டிகிரி வெப்பத்தில் வைத்து, இரண்டும் அசையாதிருக்கும்போது அளந்தால், எலி செலவிடும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரையே பல்லிக்குப் போதுமானதாக இருக்கிறது. பெரிய முதலை மாதக்கணக்கில் இரையின்றி இருக்கவல்லது என்பதும் மெய். ஆனால் இவற்றிலிருந்து மந்தம் என்ற முடிவுக்குத் தாவுவது, வரவறிந்து சிக்கனமாய்க் குடும்பம் நடத்துகிறவனை வறியவன் என்று தீர்மானிப்பதற்கு ஒப்பாகும். செலவிட வேண்டிய வேளையில் அவன் எவ்வளவு செலவிடுகிறான் என்று பார்த்த பின்னரே அந்தத் தீர்ப்பைச் சொல்ல நமக்கு உரிமை உண்டு.

குளிர் இரத்தம் என்ற பெயரே முதற் தடை. வெயில் ஏறுமுன் வேலிக்கழியில் ஒட்டிக் கிடக்கும் ஓணானைக் கைக்கெட்டும் தூரம் வரை நெருங்கிவிடலாம். அது விழித்துப் பார்க்குமேயன்றி விரைந்து ஓடாது. அதே ஓணான், உடலைத் தட்டையாக்கி விலாவைச் சூரியனுக்குக் காட்டிச் சிறிது நேரம் காய்ந்த பிறகு, தலையை ஏற்றி இறக்கித் தன் எல்லையைக் காத்து நிற்கையில், நம் நிழல் பட்டவுடன் கழியின் மறுபுறம் மறைந்துவிடுகிறது. அந்த வேளையில் அதன் இரத்தம் குளிர்ந்த இரத்தமன்று. உஷ்ணநிலை பத்து டிகிரி உயர்ந்தால் இப்பிராணிகளின் வளர்சிதைமாற்றம் பெரும்பாலும் இரண்டு முதல் மூன்று மடங்கு பெருகும். ஆகவே 15 டிகிரியில் இருக்கும் உடலுக்கும் 35 டிகிரியில் இருக்கும் உடலுக்கும் இடையே, பிராணி ஓர் அங்கத்தையும் அசைக்காத நிலையிலேயே, நான்கு முதல் ஒன்பது மடங்கு வேற்றுமை உண்டாகிவிடுகிறது. டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோ உஷ்ணத்துக்கும் சுவாசத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பைப் பல பிராணிகளில் அளந்து, 1916-இல் தம் நூலில் தொகுத்துத் தந்துவிட்டார். ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னும், காலை ஆறு மணிக்குக் கண்ட ஓணானையே ஓணான் என்று நாம் சாதித்துவருகிறோம்.

இனிப் படித்தவர்களின் பாதிக்கு வருகிறேன். 1883-இல் ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் ருப்னர், சிறிதும் பெரிதுமான நாய்களை அளந்து, அவை வெளியிடும் வெப்பம் உடலின் மேற்பரப்புக்கு இசைந்தது என்று கண்டார். 1932-இல், சுவிட்சர்லாந்தில் பிறந்து கலிபோர்னியாவில் பணியாற்றிய மாக்ஸ் கிளைபர், புறா முதல் காளை வரையிலான பிராணிகளின் அளவுகளை ஒருங்கே வைத்துப் பார்த்து, வளர்சிதைமாற்றம் எடையின் முக்கால் அடுக்குக்கு இசைந்து உயர்கிறது என்று நிறுவினார். ஒரு பிராணி மற்றொன்றைவிட 1,000 மடங்கு கனமானதாக இருந்தால், அதன் வளர்சிதைமாற்றம் 1,000 மடங்கு உயராமல் ஏறத்தாழ 178 மடங்கே உயரும் என்பது இதன் பொருள். அரிய கண்டுபிடிப்பு இது. கிளைபரின் பெருமையைக் குறைக்க யாராலும் இயலாது. ஆயினும் அந்தப் புறாவும் காளையும், இடையிலிருந்த எலியும் கோழியும் ஆடும் மனிதனும், அனைத்தும் வெப்ப இரத்தமுடையவை என்பதையும், அனைத்தும் ஓய்வில் அளக்கப்பட்டவை என்பதையும் மறந்துவிடலாகாது. பின்னர் டென்மார்க்கின் ஹெம்மிங்சன், 1960-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஓரணு உயிர்கள், குளிர் இரத்தப் பிராணிகள், வெப்ப இரத்தப் பிராணிகள் ஆகிய மூன்று கூட்டத்துக்கும் ஒன்றற்கொன்று இணையான மூன்று கோடுகளை வரைந்து, மூன்றுக்கும் அதே முக்கால் சாய்வைக் கொடுத்தார். 1997-இல் வெஸ்ட், பிரவுன், என்குவிஸ்ட் ஆகிய மூவர், கிளைவிட்டுப் பிரியும் இரத்தக் குழாய்களின் அமைப்பிலிருந்தே அந்த முக்காலைத் தருவித்துக் காட்ட முற்பட்டனர். இவ்வாறு நாயிலும் காளையிலும் பிறந்த ஒரு விதி, மீனுக்கும் பாம்புக்கும் ஈக்கும் எழுதப்பட்ட தலைவிதியாகவே ஆகிவிட்டது.

இந்த விதியை மீனிடமே கேட்டுப் பார்த்தவர் ஒருவர் உண்டு. கனடாவின் மேற்குக் கரையில் நனைமோ என்னும் ஊரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில், ஜே. ஆர். பிரெட் என்பவர் சாக்கை என்னும் சால்மன் மீனைக் கொண்டு 1960-களில் நடத்திய பரிசோதனைகளை நான் மீண்டும் மீண்டும் படித்திருக்கிறேன். மூடிய குழாய் ஒன்றில் நீர் சுற்றிச் சுற்றி ஓடும். மீன் அந்த ஓட்டத்தை எதிர்த்து நின்ற இடத்திலேயே நீந்தவேண்டும். நீரின் வேகத்தைப் படிப்படியாக உயர்த்திக்கொண்டே போய், மீன் இனி இயலாது என்று களைத்துப் பின்னடையும் வரையில், ஒவ்வொரு படியிலும் நீரில் பிராணவாயு எவ்வளவு குறைந்தது என்று அளப்பார்கள். 15 டிகிரி நீரில், முழு முயற்சியுடன் நீந்தும் ஓராண்டு மீன், ஓய்வில் செலவிடுவதைப்போலப் பத்து மடங்குக்கும் மேலான பிராணவாயுவைச் செலவிட்டது. மந்தம் என்ற சொல் அங்கேயே பொய்த்துவிடுகிறது.

அதைக் காட்டிலும் கருத்தூன்ற வேண்டிய செய்தி இரண்டாவது பரிசோதனையில் இருக்கிறது. சில கிராம் எடையுள்ள குஞ்சு முதல் ஒரு கிலோவைத் தாண்டிய முதிர்ந்த மீன் வரையில் வெவ்வேறு அளவுள்ள சாக்கை மீன்களை அதே குழாயில் விட்டு, 1965-இல் பிரெட் கண்ட முடிவு இது: ஓய்வில் எடையின் அடுக்கு 0.78, உச்ச உழைப்பில் 0.97. இவ்விரு எண்களின் வேற்றுமையைக் கணக்கிட்டுப் பார்த்தாலொழிய அதன் கனம் விளங்காது. 1,000 மடங்கு கனமான மீன், ஓய்வில் சிறு மீனைப்போல ஏறத்தாழ 219 மடங்கு பிராணவாயுவைக் கொள்ளும். உழைப்பிலோ ஏறத்தாழ 813 மடங்கு கொள்ளும். கிராமுக்குக் கிராம் ஒப்பிட்டால், பெரிய மீனின் சதை ஓய்வில் குஞ்சின் சதையைப்போல ஐந்தில் ஒரு பங்கே எரிகிறது. முழு முயற்சியில் நீந்தும்போதோ ஐந்தில் நான்கு பங்கு எரிகிறது. அதாவது, பெரிய உடலுக்கு உரியதென்று நாம் பாடம் படித்த அந்த நிதானம், உழைப்பு ஏற ஏறக் கரைந்து, கடைசியில் ஏறக்குறைய இல்லாமலே போய்விடுகிறது. ஒரே இனம், ஒரே நீர், ஒரே உஷ்ணநிலை; மாறியது உழைப்பு ஒன்றுதான். உழைப்பு என்பது அளவின் விதிக்கு மேலே சேரும் சில்லறைச் செலவாக மட்டும் இருந்திருந்தால், அது அந்த விதியின் அடுக்கையே இப்படித் திருத்தி எழுதியிருக்குமா?

இதற்குக் காரணம் காண்பதும் அரிதன்று. உச்ச உழைப்பில் பிராணவாயுவை உண்பது பெரும்பாலும் தசை. தசையோ உடலின் எடையோடு ஏறத்தாழச் சமமாகவே வளர்வது. ஆகையால் அந்த வேளையில் வளர்சிதைமாற்றமும் எடையோடு சமமாக, அதாவது அடுக்கு ஒன்றை நோக்கி, உயர்கிறது. ஓய்வின் செலவு வேறு வகையானது. அந்தச் செலவு ஓங்கியிருக்கும் உடலில், வாயுவும் கழிவும் வெப்பமும் கடந்து செல்லும் மேற்பரப்பே தடையாக நின்று, மூன்றில் இரண்டு என்ற அடுக்கை நோக்கி அதை இழுக்கக்கூடும். அமெரிக்க உயிரியலாளர் டக்ளஸ் கிளேசியர், 2005 முதல் வெளியிட்ட ஆராய்ச்சிகளில், இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவில்தான் அடுக்குகள் உலவுகின்றன என்றும், உடலின் ஜீவத்தீ எந்த மட்டத்தில் எரிகிறது என்பதே அடுக்கை நிர்ணயிக்கிறது என்றும் வாதித்தார். அவருடைய விளக்கம் முழுவதையும் ஏற்காதவர்கூட, அவர் திரட்டிக் காட்டிய வேறுபாடுகளைக் கண்மூடி ஒதுக்கிவிட முடியாது.

அவை அளவெடுப்பில் நேர்ந்த பிசகுகள் என்றும், பல நூறு இனங்களைச் சேர்த்துச் சராசரி கண்டால் முக்காலே மிஞ்சும் என்றும் மறுதரப்பார் சொல்லுவர். பிசகென்றால் அது இங்குமங்கும் சிதறிக் கிடக்கவேண்டும். ஓர் ஒழுங்கில் வந்து நிற்காது. கில்லன், அட்கின்சன், கிளேசியர் ஆகிய மூவரும் 2010-இல் 89 மீனினங்களின் ஓய்வுநிலை அளவுகளை ஆராய்ந்தபோது, நடுக்கடலில் ஓயாது நீந்தித் திரியும் மீன்களுக்கு ஏறத்தாழ 0.70 என்ற அடுக்கும், அடித்தரையில் கிடந்து வாழும் மீன்களுக்கு 0.8-க்கு மேற்பட்ட அடுக்கும் அமைவதையும், நீரின் உஷ்ணநிலை ஏற ஏற அடுக்கு தாழ்வதையும் கண்டனர். பிராணி எப்படிப் பிழைக்கிறது என்பது அதன் ஓய்வின் கணக்கிலும் எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. இத்தகைய வேறுபாடுகளைக் கூட்டிச் சராசரி காண்பது, மாட்டு வண்டியின் வேகத்தையும் ரயிலின் வேகத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து, இதுவே பிரயாணத்தின் வேகம் என்று அறிவிப்பதற்குச் சமானம். அந்த வேகத்தில் வண்டியும் போவதில்லை, ரயிலும் போவதில்லை.

உழைப்பு என்பது கணநேரம், ஓய்வே வாழ்நாள் என்பது அவர்களுடைய அடுத்த வாதம். பர்மிய மலைப்பாம்பை நோக்குங்கள். வாரக்கணக்கில் ஒன்றும் உண்ணாமல் சுருண்டு கிடக்கும் அந்தப் பாம்பு, பெரிய இரையை விழுங்கிய பிறகும் வெளிப்பார்வைக்கு அப்படியேதான் கிடக்கிறது. ஆனால் அதன் உள்ளே ஜடராக்கினி மூண்டுவிடுகிறது. ஸ்டீபன் சீகோர், ஜாரெட் டயமண்ட் ஆகிய இருவரும் 1990-களில் அளந்தபோது, தன் எடையில் கால் பங்கு இரையை விழுங்கிய பாம்பின் வளர்சிதைமாற்றம் பத்து மடங்குக்கு மேலும், தன் எடைக்கு ஈடான இரையை விழுங்கியபோது நாற்பது மடங்குக்கு மேலும் உயர்ந்தது. சுருங்கிக் கிடந்த சிறுகுடல் ஓரிரு நாளில் ஏறக்குறைய இருமடங்கு கனக்கிறது. இந்த வேள்வி ஒரு கணத்தில் முடிவதன்று. பல நாள் நீடிப்பது. அசையாத பாம்பு ஓய்வில் இருக்கிறது என்று பார்க்கிறவன் எழுதிக்கொள்கிறான். பாம்போ ஓடும் குதிரைக்கு ஈடாகத் தீ வளர்த்துக்கொண்டிருக்கிறது.

அதே இனத்துப் பெண் பாம்பு முட்டைகளைச் சுற்றி வளைந்து அடைகாக்கும் வரலாறு, ஒரு முன்முடிவு எவ்வளவு காலம் உண்மையை வாசலில் நிறுத்திவைக்கும் என்பதற்குச் சாட்சியாக இருக்கிறது. இந்தியாவில் மலைப்பாம்பு தன் உடல் வெப்பத்தால் முட்டைகளை அடைகாக்கிறது என்று லமார் பிக்கோ என்ற பிரெஞ்சுக்காரர் 1832-இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் கூறியபோது, அறிஞர்கள் அதை ஏற்க மறுத்தார்கள். பாம்பாவது வெப்பம் தருவதாவது என்பது அவர்கள் எண்ணம். ஒன்பது ஆண்டுகள் கழித்து, பாரிஸ் உயிர்க்காட்சித் தோட்டத்தில் அடைகாத்த ஒரு பாம்பின் சுருள்களுக்கு இடையே வலான்சியென் என்பவர் வெப்பமானியை வைத்துப் பார்த்தார், கூற்று மெய்யாயிற்று. 1966-இல் நியூயார்க் விலங்குப் பூங்காவில் அளந்தவர்கள், தசைகளைத் துடிக்கவிட்டுத் துடிக்கவிட்டு அந்தத் தாய், சுற்றுப்புறத்தைக் காட்டிலும் சில டிகிரி உயர்ந்த வெப்பத்தில் தன்னை நிறுத்திக்கொள்வதையும், அதற்காக ஏறத்தாழ ஒன்பது மடங்கு பிராணவாயுவைச் செலவிடுவதையும் பதிவு செய்தார்கள்.

கடலிலும் இதே கதைதான். இலங்கையில் இராணுவ வைத்தியராகப் பணிபுரிந்த ஜான் டேவி, கடற்பிரயாணத்தில் பிடிபட்ட சூரை மீனின் உடலில் வெப்பமானியைச் செலுத்தி, 27 டிகிரி நீரில் வாழ்ந்த அம்மீனின் சதை 37 டிகிரியில் இருந்ததை 1835-இல் வெளியிட்டார். ஓயாது நீந்தும் தசையில் பிறக்கும் வெப்பம், செவுளுக்குப் போகும் இரத்தத்தோடு வெளியேறி வீணாகாதவாறு, எதிரெதிராக ஓடும் நுண்ணிய நாளங்களின் வலையொன்று அதை மீட்டுத் தசைக்கே திருப்புகிறது என்பதை 1966-இல் கேரி, டீல் என்பவர்கள் விளக்கினார்கள். முதுகில் ஏழு வரிகளோடு நம் கடல்களிலும் உலவும் பேராமை, குளிர்ந்த கனடாக் கரையில் 7.5 டிகிரி நீரிலிருந்து எடுக்கப்பட்டபோது, உள்ளே 25.5 டிகிரி வெப்பத்தோடு இருந்ததாக 1972-இல் செய்தி வந்தது. பேருருவமும் கொழுப்புப் படலமும் ஓயாத நீச்சலும் கூடிச் செய்த காரியம் அது. அளவும் உழைப்பும் கைகோத்து, குளிர் இரத்தம் என்ற பெயரையே பொருளற்றதாக்கிவிடும் இடம் அது.

இவ்வளவும் சொன்ன பிறகு, எதிர்த்தரப்புக்கு ஒரு புகலிடம் மிஞ்சுகிறது: பல்லியினங்கள் விரைவில் களைக்கின்றன, ஆகவே அவை தாழ்ந்தவையே என்பது. களைப்பது உண்மை. திடீரென்று பாயும் ஓணான் பிராணவாயுவுக்குக் காத்திராமல், தசையிலுள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாக உடைத்து அந்தப் பாய்ச்சலை முடித்துவிடுகிறது. இதை ஆல்பர்ட் பென்னட் 1970-களில் தெளிவுபடுத்தினார். ஆனால் அவரும் ரூபனும் 1979-இல் எடுத்துக்காட்டியபடி, ஓய்வுக்கும் உச்சத்துக்கும் உள்ள விகிதம் குளிர் இரத்தம், வெப்ப இரத்தம் ஆகிய இரண்டு கூட்டத்திலும் ஏறத்தாழப் பத்து மடங்கே. விகிதத்தில் குறையில்லை, அடிமட்டம் தாழ்ந்திருப்பதால் உச்சியும் தாழ்ந்திருக்கிறது, அவ்வளவே. உடும்பை எடுத்துக்கொண்டால், ஓடும்போது விலாத்தசைகள் சுவாசத்துக்கு முழுமையாக உதவாத இடரை, தொண்டையைத் துருத்தியாக்கி நுரையீரலுக்குள் காற்றை அழுத்திச் செலுத்துவதால் அது கடந்துவிடுகிறது. தேவை வந்த இடத்தில் வழியும் பிறந்திருக்கிறது.

இது வெறும் ஏட்டுச் சண்டை என்று எண்ணுவோருக்காக ஒரு காட்சியைச் சொல்லுகிறேன். மீன் பண்ணையிலிருந்து வெளியூர்க் குளங்களுக்குக் குஞ்சு அனுப்புகிறவர்களின் வேலையை அருகிருந்து பார்த்திருக்கிறேன். அனுப்புவதற்கு முன் ஓரிரு நாள் குஞ்சுகளுக்குத் தீனி நிறுத்திவிடுகிறார்கள். பிளாஸ்டிக் பையில் மூன்றில் ஒரு பங்கு நீரை ஊற்றி, எஞ்சிய இடத்தில் பிராணவாயுவை நிரப்பி, வாயைத் திருகி ரப்பர் வளையத்தால் இறுக்குகிறார்கள். நுண்குஞ்சென்றால் ஓர் எடை, விரலியென்றால் ஓர் எடை; இரண்டையும் ஒரே எடைக்கு ஒரே பையில் அடைப்பதில்லை. வெயில் தாழ்ந்த பிறகோ விடியுமுன்போ வண்டி புறப்படுகிறது. மீன் மிரளாதிருக்கப் பையை மெல்லவே கையாளுகிறார்கள். போய்ச் சேர்ந்தபின் பையைக் குளத்து நீரில் மிதக்கவிட்டு, உள்நீரும் வெளிநீரும் ஒரே சூட்டுக்கு வந்த பின்னரே அவிழ்க்கிறார்கள். அளவு, தீனி, உஷ்ணம், உழைப்பு ஆகிய நான்கையும் அந்தத் தொழிலாளி ஒருங்கே எண்ணிப் பார்க்கிறார். நான்கில் ஒன்றை மறந்தாலும் காலையில் பை நிறைய வெண்வயிறுகள் மிதக்கும். எடையை மட்டும் பார்த்துச் சூத்திரம் சொல்லும் நூல் அவர் கைக்குக் கிடைத்திருந்தால், அவருக்கு நஷ்டமே மிஞ்சியிருக்கும்.

அவருடைய பையில் நடப்பதே இன்று பூமியிலும் நடக்கிறது. ஓய்வுக்கும் உச்ச உழைப்புக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் ஒரு பிராணி வாழ்க்கை நடத்துவதற்குக் கைவசமுள்ள முதல் என்று கனடாவின் எஃப். இ. ஜே. ஃபிரை 1947-இலேயே எழுதினார். நீரின் சூடு அளவுக்கு மிஞ்சினால் ஓய்வின் செலவு ஏறிக்கொண்டே போக, உச்சம் அதற்கு ஈடாக ஏறாமல் நின்றுவிட, அந்த முதல் கரைகிறது. ஃபிரேசர் நதியில் உண்ணாமல் மேலேறும் சாக்கை மீன்களை 2011-இல் எலியசன் முதலானோர் ஆராய்ந்தபோது, நெடுந்தூரமும் கடுமையான ஓட்டமும் உள்ள வழியில் ஏறும் கூட்டத்துக்கு அந்த இடைவெளியும் பெரிது, இதயமும் பெரிது என்று கண்டார்கள். இனம் ஒன்று, ஆயினும் எந்த வழியில் உழைத்து முன்னோர் வந்தனரோ, அதற்கேற்ப உடல் அமைந்திருக்கிறது. சூடு மிகுந்துவரும் காலத்தில் எந்தக் கூட்டம் கரை சேரும், எது வழியில் மாளும் என்று அறியவேண்டுமானால், அந்த இடைவெளியை அளந்தாக வேண்டும். எடையை முக்கால் அடுக்குக்கு உயர்த்திப் பார்த்தால் இரு கூட்டத்துக்கும் ஒரே விடைதான் வரும், அந்த விடை இரண்டுக்கும் உதவாது.

ஆகவே, ஓய்வின் அளவுகளை எரித்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவற்றை அவற்றின் பெயரால் அழையுங்கள் என்றே வேண்டுகிறேன். பாடநூலில் ஒரு பிராணியின் வளர்சிதைமாற்றம் இவ்வளவு என்று எழுதும்போது, எந்தச் சூட்டில், எந்த அளவுள்ள உடலில், உண்டிருந்ததா பட்டினியா, கிடந்ததா ஓடியதா என்பதையும் அதே வரியில் எழுதவேண்டும். உச்சத்தின் எண்ணையும் பக்கத்தில் வைக்கவேண்டும். அப்படி எழுதினால், நம் பிள்ளைகள் வேலியோரத்து ஓணானைச் சோம்பேறி என்று கல்லெறியாமல், அது காய்வதையும் பாய்வதையும் ஒரு மணி நேரம் நின்று பார்க்கப் பழகுவார்கள். பண்ணைத் தொழிலாளி தம் பையைக் கட்டுமுன் எண்ணிப் பார்க்கும் நான்கு செய்திகளையும் நம் நூல்கள் எண்ணிப் பார்க்கும் நாளில்தான், குளிர் இரத்தப் பிராணிகளைப் பற்றி நாம் எழுதியவை அவற்றின் வாழ்க்கையைப் பற்றியவையாகும்.